காத்திருப்பின் மதிப்பு

நிறுவன நிதியியல் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வீட்டு வரவுசெலவு பார்க்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. மாதக் கடைசியில் பேருந்துக்குச் சில்லறை கேட்டு அக்காவிடம் கை நீட்டுகிற ஆள்தான் நான். அதனால் இது பணத்தாசை பிடித்தவர்களின் படிப்பு என்று நீங்கள் நினைக்க வேண்டாம். எங்கள் துறையில் பணத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. அது எப்போது வரும், எவ்வளவு உறுதியாக வரும் என்பதை மட்டும் பார்ப்போம்.

போன முறை இதே நாற்காலியில் உட்கார்ந்து, பட்டறை விபத்தை விசாரிக்கிற அதிகாரியான உங்களிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். டயர் பட்டறையின் சேம்பரை விபத்துக்கு முன்பு நான் அளந்து பார்த்தேன் என்றும், அது நல்ல நிலையில் இருந்தது என்றும் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். எனக்குத் தண்ணீர் கொடுத்து வாசல்வரை வந்து அனுப்பினீர்கள். செத்துப்போன ஒரு மனிதர்மேல் அந்த வாக்குமூலத்தால் பழி விழுந்திருக்கிறது. அதைத் திருத்த வந்திருக்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

நான் முதலில் படித்தது இயற்பியல். பட்டம் வாங்கியும் வேலை கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வுகளில் எனக்குப் பேச்சு வராது. விடை தெரியும், தொண்டைவரை வந்து நின்றுவிடும். அப்பா அம்மா போனபின் அக்காதான் எனக்கு எல்லாம். கல்யாணமாகிப் போனபோது என்னையும் ஒரு பெட்டியைப்போலக் கூடவே கொண்டுபோனாள். அத்தான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. உனக்குக் கணக்கு நன்றாக வருகிறதே, நிதியியலில் மேல்படிப்புப் படி என்று சொன்னதும் அவர்தான். விண்ணப்பத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாளைக்கு நீ பெரிய ஆபீஸ்ல உக்காந்திருப்ப. நான் பாக்க வந்தா வாசல்லயே நிக்கவெச்சிராத முதலாளியம்மா" என்றார். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுவே பெயர்.

முதல் ஆண்டு முழுக்கக் கோட்பாடு. நாளை வரப்போகும் நூறு, இன்று கையில் இருக்கும் நூற்றுக்குச் சமமல்ல என்பதில் தொடங்கும். காலத்தில் தள்ளிப்போகப் போக எதுவும் சிறுத்துவிடும். வருடங்கள் கழித்து நேரக்கூடிய ஒரு பெரிய இழப்பு, இன்றைய மதிப்பில் ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவாகிவிடும். தொலைவில் எரியும் விளக்கு மங்கலாகத் தெரிவதைப் போன்றது இது. மங்கலாகத் தெரிவதால் அது சின்ன விளக்கு ஆகிவிடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பட்டம் வாங்கியதே அதைப் படித்துத்தான். ஆனாலும் அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. விடை சுத்தமாக வந்தது.

இரண்டாம் ஆண்டில் நடைமுறை. ஒவ்வொருவரும் உண்மையான ஒரு நிறுவனத்துக்குப் போய், அது எடுக்கப்போகும் ஒரு முதலீட்டு முடிவை ஆராய்ந்து, செய்யலாமா கூடாதா என்று எழுத வேண்டும். மற்றவர்கள் சொந்தக்காரர்களின் கம்பெனி, அப்பாவின் நண்பர் வங்கி என்று பிடித்துவிட்டார்கள். எனக்கு அத்தான் வேலை செய்த டயர் பட்டறைதான் கிடைத்தது.

அந்தப் பட்டறையை நீங்கள் இடிந்தபின்தான் பார்த்தீர்கள். தேய்ந்த லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கிற இடம். நடுவில் சேம்பர். படுக்கவைத்த பெரிய எண்ணெய் டேங்க் போன்ற இரும்பு உருளை, ஒரு முனையில் ஆள் உயரத்துக்கு வட்ட மூடி. ரப்பர் ஒட்டிய டயர்களை உள்ளே தொங்கவிட்டு, மூடியைப் பூட்டி, சூடும் அழுத்தமும் ஏற்றினால் ரப்பர் வெந்து பிடித்துக்கொள்ளும். அங்கே மாற்றி மாற்றி இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருவர் அத்தான். இன்னொருவரை எல்லாரும் ரேடியோ என்பார்கள்.

பேச்சை நிறுத்தவே மாட்டார் என்பதால் அந்தப் பெயர். அணைக்கிற பட்டனை வைக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று பட்டறையில் கிண்டல் செய்வார்கள். நான் முதல்நாள் ஒரு ஓரமாக நின்றபோது, உட்கார ஒரு டயரைத் தட்டிப் போட்டவர் அவர்தான். "உங்க அத்தான் உன்னப் பத்திப் பேசிப்பேசியே என் காத தேய்ச்சுட்டாரு. நானே பரவாயில்ல போல" என்றார். நான் சிரித்தேன். அறிமுகமில்லாதவர்களிடம் நான் அப்படிச் சிரிப்பதில்லை. அவரை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

முதலாளி புதுச் சேம்பர் வாங்குவது என்று ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார். பழையது அவருடைய அப்பா காலத்தில், வேறொருவர் பயன்படுத்தியபின் வாங்கியது. விற்கிறவரிடம் பேசி, வங்கியிலும் சொல்லிவைத்திருந்தார். நான் கணக்குப் போட்டேன். இப்போதே வாங்குவது சரி என்று வந்தது. எரிபொருள் மிச்சம், நேரம் மிச்சம், பழையது நின்றுபோனால் வரும் நஷ்டமும் இல்லை. ஒரு சிக்கலும் இல்லாத விடை.

அதைக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் அவருக்கு அலுப்பு வந்தால் மறைக்கத் தெரியாது. இரண்டு பக்கம் புரட்டினார். "சரியா இருக்கு" என்றார். பிறகு என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்து, "அடுத்தது யாரு" என்றார்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். வகுப்பில் என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. வருகைப் பதிவில் நான் 'உள்ளேன்' என்று சொல்வது கேட்காமல் ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள். திருத்தச் சொல்லவும் கூச்சம். நான் கண்ணில் பட ஒரு வழிதான் இருந்தது. அது நான் எழுதுகிற கணக்கு. அதுவும் அந்த அறையிலிருந்து அப்படி வெளியே வந்தது.

அந்த வாரம்தான் காத்திருக்கும் உரிமை என்ற பாடம் நடந்தது. ஒரு முதலீட்டை இன்றே செய்யலாம், அல்லது செய்யும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். காத்திருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அதைவிட அழகான ஒன்று இருக்கிறது: எதிர்காலம் எவ்வளவு நிச்சயமில்லாமல் இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த மதிப்புக் கூடும். தெரியாமை நஷ்டம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். இங்கே தெரியாமை சொத்து.

நான் பட்டறைக் கணக்கைத் திரும்பப் போட்டேன். பழைய சேம்பர் ஒரு வருடம் ஓடலாம், பல வருடமும் ஓடலாம், யாருக்கும் தெரியாது என்று வைத்துக்கொண்டேன். காத்திருப்பதே மேல் என்று வந்தது. முதலில் விபத்து நேர்ந்தால் ஆகும் செலவு என்று ஒரு வரிசையும் போட்டிருந்தேன். அருகில் இருப்பவர் ஒருவர், நேர்வதற்கான சாத்தியம் இவ்வளவு, காப்பீடு போக முதலாளி கொடுக்க வேண்டியது இவ்வளவு. பெருக்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அட்டவணை நெரிசலாகத் தெரிந்ததால் அந்த வரிசையை எடுத்துவிட்டேன். அந்த வரிசையில் அருகில் இருப்பவர் என்று நான் எழுதியிருந்தது அத்தானும் ரேடியோ அண்ணனும்தான். எழுதும்போது அது எனக்குத் தோன்றவில்லை.

பேராசிரியர் இந்த முறை என்னை உட்காரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து மறுபடி படித்தார். இவ்வளவு சின்னப் பட்டறைக்கு இந்தக் கோட்பாட்டை யாரும் பொருத்திப் பார்த்ததில்லை என்றார். பருவக் கடைசியில் வெளி நிறுவனத்தார் வரும் கருத்தரங்கில் நான் பேச வேண்டும் என்றார். "ஒண்ணு மட்டும் பண்ணும்மா. அந்த மெஷினோட ஆயுள் நிச்சயமில்லங்கிறதுக்கு ஏதாவது ஆதாரம் சேத்துக்க. அப்ப யாரும் கை வைக்க முடியாது."

நிச்சயமின்மைக்கு ஆதாரம் தேடித்தான் நான் அளக்கப் போனேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

என் பழைய கல்லூரியின் ஆய்வகத்தில் தகட்டின் கனத்தை அளக்கும் கருவி ஒன்று உண்டு. கையடக்கமானது. பசை தடவி இரும்பின்மேல் வைத்தால், ஒலி உள்ளே போய் மறுபக்கம் மோதித் திரும்பும். அந்த நேரத்தை வைத்துக் கனம் எவ்வளவு என்று காட்டும். அங்கே உதவியாளராக இருந்த பெண்ணுக்கு என்னைப் பிடிக்கும். கேட்டதும் கொடுத்துவிட்டார். சேம்பர் ஆறிக் கிடந்த ஒரு விடுமுறை நாளில் பட்டறைக்குப் போனேன். அத்தான் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ரேடியோ அண்ணன்தான் கதவைத் திறந்துவிட்டு டார்ச் பிடித்தார்.

மேல்பக்கம் நன்றாக இருந்தது. பக்கவாட்டிலும் நன்றாக இருந்தது. மூடியை ஒட்டிய அடிப்பக்கத்துக்குக் குனிந்து போனேன். உள்ளே நீராவி ஆறித் தண்ணீராகித் தேங்குகிற இடம் அது. வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்ட் பளபளவென்று இருக்கும். புதிதில் அந்தத் தகடு பத்து மில்லிமீட்டர். ஆறுக்குக் கீழே போனால் ஓட்டக் கூடாது. கருவி நாலுக்கும் கீழே காட்டியது.

துடைத்துவிட்டுப் பசையை மறுபடி தடவி வைத்தேன். அதே. கொஞ்சம் தள்ளி வைத்தேன். இன்னும் குறைவு. ஒரு அளவீடு தவறலாம். பக்கத்துப் பக்கத்தில் எல்லாமே ஒரேபோலத் தவறாது. இதுவும் நான் பட்டம் வாங்கிய படிப்பு.

ரேடியோ அண்ணன் அதுவரை அவர் மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உலகத்தில் தன் வாயை மூடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அதுவும் சாதத்தைக் கொண்டுதான் என்று. பேச்சோடு பேச்சாக, "எவ்வளவும்மா காட்டுது? நம்ம கிழவி தாங்குவாளா?" என்றார்.

நான் கருவியை அணைத்தேன்.

"நல்லா இருக்குண்ணே" என்றேன்.

"அதான பாத்தேன். உள்ள சத்தம் வருதுன்னு உங்க அத்தான் சும்மா பயமுறுத்துறாரு. படிச்ச பொண்ணு பாத்துச் சொல்லிருச்சு, இனி எனக்கென்ன" என்றார். டார்ச்சை அணைத்து, நான் நிமிரும்போது தலை இடிக்காமல் விளிம்பில் கையை வைத்துக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த நொடியில் நான் யோசித்ததை அப்படியே சொல்கிறேன். உண்மை அளவைச் சொன்னால் சேம்பரின் ஆயுள் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் நிச்சயமின்மை இல்லை. நிச்சயமின்மை இல்லையென்றால் காத்திருப்பின் மதிப்பு பூஜ்யம். என் கட்டுரையில் எதுவும் மிஞ்சாது. பழைய விடைக்கே திரும்ப வேண்டும். சரியா இருக்கு, அடுத்தது யாரு.

மேலும், தகடு மெலிந்திருக்கிறது என்பது உடனே கிழியும் என்று பொருளல்ல. மெலிந்த தகடுகள் மாதக்கணக்கில் தாங்கியதும் உண்டு. என்றைக்குக் கிழியும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. இதை நான் எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தான் அந்தச் சூட்டிலேயே நிற்கிறாரே, அது நல்லதில்லை என்றேன்.

"எதுக்கு நல்லதில்ல?"

அக்காவுக்குக் கல்யாணமாகி நாளாகியும் குழந்தை இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நான் நிச்சயமாகப் பேசுகிறவள் அல்ல. அன்று பேசினேன். தொடர்ந்து சூட்டில் நிற்கிற ஆண்களுக்கு என்ன ஆகும் என்று, தரையைப் பார்த்துக்கொண்டே, பாடப் புத்தகத்தில் இருப்பதுபோலச் சொன்னேன். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "இத ஏண்டி முன்னாடியே சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். அது மருத்துவரீதியாகச் சரியான தகவல்தான். அன்றைய நாளில் நான் சொன்னதிலேயே அது ஒன்றுதான் உண்மை.

அக்கா விடவில்லை. அத்தான் முதலில் சிரித்தார், பிறகு எரிந்துவிழுந்தார், கடைசியில் முதலாளியிடம் கேட்டு டயர்களை ஏற்றி இறக்கும் வண்டிக்கு மாறிக்கொண்டார். சேம்பரை முழுதாக ரேடியோ அண்ணன் பார்த்துக்கொள்வது என்று ஆனது. சம்பளம் கொஞ்சம் கூடும் என்பதால் அவர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

அத்தானை மாற்றியதை வைத்து எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நீங்கள் முடிவு கட்டக் கூடாது. நிச்சயமில்லாத நேரத்தில் தனக்கு வேண்டியதைப் பத்திரமான இடத்துக்கு நகர்த்திவைப்பது எல்லாரும் செய்வது. பாடத்தில் அதற்குத் தனி அத்தியாயமே உண்டு.

கருத்தரங்கு நன்றாக நடந்தது. அக்கா தன்னுடைய நல்ல புடவையைக் கொடுத்திருந்தாள். எனக்குப் பேச்சு வந்தது. நானே எதிர்பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர், அந்தப் பழைய சாதனம் எத்தனை நாள் ஓடும் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லையா என்று கேட்டார். "தெரிந்துகொள்வதற்கும் ஒரு செலவு உண்டு. இங்கே அந்தச் செலவு, தெரியாமல் இருப்பதன் மதிப்பைவிடக் கூடுதல்" என்றேன். அரங்கம் சிரித்தது. பிறகு கைதட்டியது. பேராசிரியர் என் பெயரைச் சரியாகச் சொன்னார்.

முதலாளியையும் அழைத்திருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, பாதி புரியவில்லை, ஆனால் தன் பட்டறையின் பெயர் இப்படி ஒரு மேடையில் வரும் என்று நினைக்கவேயில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப ஒரு வருஷம் தள்ளிப்போடலாங்கிறியாம்மா? அது தாங்குமா?"

"தாங்கும்னுதான் சார் கணக்கு சொல்லுது."

அடுத்த நாளே புதுச் சேம்பர் வேண்டாம் என்று விற்கிறவரிடம் சொல்லிவிட்டார். அந்தக் கேள்வி கேட்ட முன்வரிசைக்காரரின் நிறுவனத்திலிருந்து எனக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. அத்தான் தெருமுழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் நூலகத்தில் இருந்தபோது அக்கா போன் செய்தாள். சேம்பர் வெடித்துவிட்டது, அத்தான் வண்டியில் வெளியே போயிருந்தார், ஒன்றும் ஆகவில்லை என்றாள். ரேடியோ அண்ணன் மூடிக்குப் பக்கத்தில் இருந்தார். மூடி பிய்த்துக்கொண்டு சாலையைத் தாண்டி எதிர்க் கட்டிடத்தின் சுவரில் போய் நின்றது. எட்ட நின்று பழைய ரப்பரைச் சீவிக்கொண்டிருந்தவருக்கு ஒரு கை போயிற்று, இரண்டு காதும் போயிற்று. பட்டறையில் அவரைச் சீவல் என்பார்கள்.

வீட்டுக்குப் போனபோது அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ அன்னிக்கு அப்படிச் சொல்லலன்னா இவர் இருந்திருக்க மாட்டாருடி. உன் வாய்தான் இவரக் காப்பாத்துச்சு." அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனக்குப் பதிலாக ரேடியோ போய்விட்டான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா சாப்பாடு போட்டாள். நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். மறுசோறும் வாங்கினேன். சொல்லக் கூசுகிறது. ஆனால் எதையும் விடக்கூடாது என்றுதான் வந்திருக்கிறேன்.

முதலாளி இடிபாட்டை அகற்றுகிற அவசரத்தில் கிழிந்த தகடுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். நீங்கள் வந்தபோது கிடைத்தது மூடி மட்டும். அதன் பூட்டு திறந்த நிலையில் இருந்தது. அடித்துக்கொண்டு போன வேகத்தில் திறந்ததா, முதலிலேயே சரியாகப் பூட்டவில்லையா என்பதுதான் உங்கள் கேள்வி. பூட்டவில்லை என்றால் தவறு ரேடியோ அண்ணனுடையது. குடும்பத்துக்கு நஷ்டஈடு எதுவும் கிடையாது. சீவல் குடும்பத்தின் சாபமும் இவர்களுக்குத்தான்.

அப்போதுதான் அவருடைய மனைவி என்னைப் பற்றி உங்களிடம் சொன்னார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். துணி தைக்கிற கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற வேலை. அந்தப் பெண் அளந்து பார்த்தது, என் வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார், அதைக் கேளுங்கள் என்று உங்களிடம் மன்றாடி என்னை வரவழைத்தார். இதே அறையில், அந்தச் சுவரோரம் நின்றுகொண்டு, "இது படிச்ச பொண்ணு சார். பொய் சொல்லாது. இது என்ன சொல்லுதோ அதான்" என்றார்.

அவர் என்னைக் கூட்டிவந்தது, சேம்பர் மோசம் என்று நான் சொல்வேன் என்ற நம்பிக்கையில். ரேடியோ அண்ணன் வீட்டில் என்ன சொல்லியிருந்தாரோ தெரியாது. நான் அளந்தேன் என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். விடையைச் சொல்லவில்லை போலும். அவ்வளவு பேசுகிறவர் அதை மட்டும் விட்டுவிட்டார்.

நான் நல்ல நிலையில் இருந்தது என்றேன்.

வேலை போய்விடும் என்று பயந்தேனா என்றால், பயந்தேன். பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. பேராசிரியர் கட்டுரையை இதழுக்கு அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தார். ஆனால் அதையெல்லாம்விடப் பெரிது வெட்கம்தான். அண்ணியின் முகத்துக்கு நேராக, அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதைவிட ஒரு இறந்தவரைக் குற்றவாளி ஆக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அண்ணி சண்டை போடவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு, "அப்ப இவருதான் பூட்டலயா" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் சொன்னதை நம்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரிவரை துணைக்கு வர முடியுமா என்று கேட்டார். சீவலைப் பார்க்க வேண்டுமாம். தனியாகப் போகத் தைரியமில்லையாம்.

போனேன். சீவல் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். அண்ணி என்னவோ சொன்னார். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, "எனக்கு எழுத்து சரியா வராது. நீ கொஞ்சம் பெருசா எழுதிக் காட்டேன்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் வீட்டுக்காரர் கவனமில்லாமல் செய்துவிட்டார், அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். தாளை அவருக்குப் படிக்கும்படி பிடித்ததும் நான்தான்.

சீவல் நிதானமாகப் படித்தார். காது போனவர்கள் பேசுகிற உரத்த குரலில், வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, "அவன் வாய்தான் ஓயாது. கை ஒழுங்காத்தான் இருக்கும்" என்றார்.

"இவருக்கு மாத்திரை மயக்கம். ஒண்ணும் நெனவில்ல" என்றாள் அவர் மனைவி.

அண்ணி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் உள்ளதச் சொல்லலன்னா நான் இவரையே நம்பிக்கிட்டு ஊரெல்லாம் சண்டை போட்டுட்டு இருந்திருப்பேன்" என்றார். வெயிலில் வந்திருக்கிறாயே என்று எனக்கு ஒரு ஜூஸ் வாங்கிக்கொடுத்தார். தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். அப்போதும் நான் சொல்லவில்லை.

அதிலிருந்து இன்றுவரை அவர் தன் கணவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டதாக அக்கா சொன்னாள். தைக்கிற கடையில் யாராவது ரேடியோவைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னால், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஊசியைப் பார்க்கிறாராம்.

அவ்வளவுதான். கருவி கொடுத்த ஆய்வகத்தின் பெயரையும், நான் வைத்துப் பார்த்த இடங்களையும், காட்டிய அளவுகளையும் தனித்தாளில் எழுதித் தந்திருக்கிறேன். சரிபார்த்துக்கொள்ளலாம். பேராசிரியருக்கோ முதலாளிக்கோ இந்த அளவுகள் தெரியாது என்று எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தது எனக்கு மட்டும்.

தகடு என்றைக்குக் கிழியும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது என்று நடுவில் சொன்னேன். நீங்களும் அதைக் குறித்துக்கொண்டீர்கள். அதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள். ரேடியோ அண்ணன் அன்று மூடியைச் சரியாகத்தான் பூட்டினார். நேரில் பார்க்காத எனக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர் எப்படிப் பூட்டினாலும் அந்தத் தகடு கிழியும் என்று, அவர் என் தலை இடிக்காமல் கையை வைத்துக்கொண்டு நின்றபோதே எனக்குத் தெரியும்.